கலிஃபோர்னியா பள்ளியில் வேலைக்குச் சேரக் கைரேகை: லைவ் ஸ்கேன் முழுமையான வழிகாட்டி

கைரேகை வைக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்காக ஒரு மாதம் அலைந்தவர்கள் உண்டு. நானும் அதில் ஒருத்தி. சப்ஸ்டிட்யூட் டீச்சர், அதாவது ஆசிரியர் வராத நாளில் அவருக்குப் பதிலாகப் போகும் வேலைக்காக நான் அலைந்து முடித்தபின் பத்துப் பன்னிரண்டு தோழிகளுக்குத் துணையாகப் போயிருக்கிறேன். எல்லோரும் இடறுவது இயந்திரத்தின் முன்னால் அல்ல, அதற்கு முன்பே, படிவத்தில்தான்.

இது கலிஃபோர்னியாவுக்கு மட்டும். நியூ ஜெர்சி, டெக்சாஸ் என்று மாநிலத்துக்கு மாநிலம் படிவமும் வேறு, நடைமுறையும் வேறு. அங்கே இருக்கும் அக்கா சொன்னதை இங்கே செய்யாதீர்கள். இங்கே உள்ளதை அங்கேயும் அனுப்பாதீர்கள்.

## 1. உங்களுக்கு எந்தப் படிவம்?

கலிஃபோர்னியாவில் மை தடவி அட்டையில் ரேகை எடுக்கும் வழக்கம் கிட்டத்தட்ட போய்விட்டது. கண்ணாடித் தட்டில் விரலை வைத்து, உங்கள் பெயரில் குற்றப் பதிவு உண்டா என்று பார்க்க, கணினி வழியே மாநில நீதித் துறைக்கும் எஃப்பிஐக்கும் அனுப்புவார்கள். இதற்குத்தான் லைவ் ஸ்கேன் என்று பெயர். மாநில நீதித் துறையை இங்கே எல்லோரும் டிஓஜே என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பள்ளி வேலைக்கு இரண்டு படிவங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று பிசிஐஏ 8016. இது உங்களை வேலைக்கு எடுக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கானது, அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்துக்கானது. இன்னொன்று 41-எல்எஸ். இது ஆசிரியர் உரிமம் தரும் மாநில ஆணையமான சிடிசிக்கானது.

வகுப்பில் உதவியாளர், மதிய உணவு நேரத்தில் மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர், சமையல்கூடம், அலுவலகம் போன்ற உரிமம் தேவையில்லாத வேலை என்றால் 8016 மட்டும் போதும். சப்ஸ்டிட்யூட் டீச்சர் என்றால் இரண்டும் வேண்டும், அதாவது இரண்டு முறை ரேகை. ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்து பள்ளியில் பாடம் எடுக்கப் போகிறவர்களும் 41-எல்எஸ் கொடுத்து, சிடிசியிடம் சர்டிஃபிகேட் ஆஃப் கிளியரன்ஸ் என்ற பின்னணிச் சோதனைச் சான்றை வாங்க வேண்டும்.

"ஒரே விரல்தானே, ஒரு தடவை வைத்தால் போதாதா?" என்று கேட்காத ஆள் இல்லை. போதாது. சிடிசி பார்ப்பது உங்களுக்கு உரிமம் தரலாமா என்று. டிஸ்ட்ரிக்ட் பார்ப்பது வேலை தரலாமா என்று. ஒருவருக்கு வந்த முடிவை இன்னொருவருக்குக் காட்ட அனுமதி இல்லை.

## 2. வரிசை மாறக் கூடாது

உரிமம் தேவையில்லாத வேலைக்கு வரிசை இது: விண்ணப்பம், நேர்காணல், "உங்களை எடுத்துக்கொள்கிறோம், ரேகை சரியாக வந்தால்" என்ற கடிதம், அதன்பின் டிஸ்ட்ரிக்ட் தரும் 8016 படிவம், லைவ் ஸ்கேன், முடிவு, வேலையின் முதல் நாள். டிஸ்ட்ரிக்டிடமிருந்து படிவம் கைக்கு வருமுன் ரேகை கொடுக்கப் போகாதீர்கள். முடிவு யாருக்குப் போக வேண்டும் என்பது அந்தப் படிவத்தில்தான் இருக்கிறது.

சுறுசுறுப்பானவர்கள்தான் இங்கே விழுவார்கள். ஒரு தோழி இணையத்தில் வெற்றுப் படிவத்தைத் தேடி இறக்கி, கடையில் காசு கட்டி ரேகை கொடுத்துவிட்டு, ரசீதோடு டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்குப் போனார். அவர் இறக்கியது 8016ஆர்ஆர். தன் பெயரில் குற்றப் பதிவு ஏதும் இருக்கிறதா என்று தானே தெரிந்துகொள்ளும் படிவம் அது. அதன் முடிவு அவர் வீட்டுக்குத்தான் வரும், வேலையில் சேர அது செல்லுபடியாகாது. கட்டிய காசும் திரும்பவில்லை.

சப்ஸ்டிட்யூட் டீச்சருக்கு வரிசை கொஞ்சம் வேறு. 41-எல்எஸ் படிவத்தை சிடிசியின் தளத்திலிருந்து நீங்களே இறக்கிக்கொள்ளலாம், டிஸ்ட்ரிக்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் இந்தியப் பட்டம் வைத்திருப்பவர்கள் அதற்கும் முன்னால், உங்கள் பட்டம் அமெரிக்கப் பட்டத்துக்கு இணையா என்று பார்க்கும் மதிப்பீட்டுக்கு சிடிசி அங்கீகரித்த நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துவிடுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியல் வரவழைக்க வேண்டியிருந்தால் அதுதான் ஆமை வேகத்தில் நகரும். அது நகர்ந்துகொண்டிருக்கும்போதே ரேகை வேலையை முடித்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒன்று. ரேகை சரியாக வந்துவிட்டால் அது வேலை செய்யும் அனுமதி ஆகிவிடாது. எச்4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் கணவன் அல்லது மனைவிக்கான விசா) இருப்பவர்களுக்கு ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை கையில் வேண்டும். அது தனி விஷயம், தனி அலுவலகம்.

## 3. படிவத்தின் மேல் பாதியைத் தொடாதீர்கள்

படிவத்தின் மேல் பகுதி டிஸ்ட்ரிக்ட் நிரப்பித் தருவது. நல்ல டிஸ்ட்ரிக்ட் அச்சடித்தே தரும். நீங்கள் எழுத வேண்டாம், ஆனால் படித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஓஆர்ஐ எண். இது முடிவைப் பெறப்போகும் அமைப்பின் அடையாளம், தபாலுக்குப் பின்கோடு போல. சிடிசிக்கு ஏ0281. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டுக்கும் வெவ்வேறு. ஒரு எழுத்து தப்பினால் உங்கள் முடிவு சம்பந்தமே இல்லாத அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். டிஸ்ட்ரிக்ட் "வரவில்லை" என்று சொல்லும், டிஓஜே "அனுப்பிவிட்டோம்" என்று சொல்லும். நடுவில் நீங்கள். பக்கத்து ஊர் தோழியின் படிவத்தை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறவர்களுக்கு நடப்பது இதுதான்.

அடுத்து விண்ணப்பதாரர் வகையும் வேலையின் பெயரும். தன்னார்வலர் என்று இருக்கும் படிவத்தில் ரேகை கொடுத்துவிட்டு அதை வைத்து வேலைக்குச் சேர முடியாது.

மூன்றாவது, எந்த அளவுக்குத் தேட வேண்டும் என்ற கட்டம். டிஓஜே, எஃப்பிஐ என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். பள்ளி வேலைக்கு இரண்டிலும் குறி இருக்க வேண்டும். டிஓஜே பார்ப்பது கலிஃபோர்னியாவை, எஃப்பிஐ பார்ப்பது நாடு முழுவதையும். எஃப்பிஐ பெட்டி காலியாக விடப்பட்டு, மறுபடி முழுவதும் செய்ய வேண்டிவந்த ஒரு படிவத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பில்லிங் எண் என்ற கட்டத்தையும் பாருங்கள். அதில் எண் இருந்தால் மாநிலக் கட்டணத்தையும் எஃப்பிஐ கட்டணத்தையும் டிஸ்ட்ரிக்ட் ஏற்கிறது என்று பொருள். தெரியாமல் நீங்களும் கட்டிவிடாதீர்கள்.

## 4. பெயர்: நம்மவர்கள் அதிகம் இடறும் இடம்

படிவம் கேட்பது கடைசிப் பெயர், முதல் பெயர், நடுப் பெயர். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு உதாரணம் பார்ப்போம். பள்ளிச் சான்றிதழில் எஸ். கவிதா. பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு, கொடுத்த பெயர் கட்டத்தில் கவிதா சுப்ரமணியன் என்று முழுவதையும் எழுதிவிட்டார்கள். அமெரிக்க விசாவில் அது தலைகீழாகிறது: கவிதா சுப்ரமணியன் என்பது குடும்பப் பெயர், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. கல்யாணத்துக்குப் பிறகு புதுப் பாஸ்போர்ட்டில் கவிதா முருகன். வங்கியில் இன்னொரு மாதிரி. ஆக ஒரே கவிதாவுக்கு ஐந்து பெயர்.

இதற்கு நான் பின்பற்றும் விதி எளிது. பெயருக்கான கட்டங்களில், ரேகை கொடுக்கும் அன்றைக்கு மேசையில் எடுத்து வைக்கப்போகும் அடையாள அட்டையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து. எஃப்என்யூ என்று இருந்தால் அதையும் சேர்த்து. அசிங்கமாக இருக்கிறதே என்று நீங்களாகவே அழகுபடுத்த வேண்டாம். அட்டையும் படிவமும் ஒத்துப்போகாவிட்டால் ரேகை எடுக்கும் ஆபரேட்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.

மற்ற எல்லாப் பெயர்களும் ஏகேஏ என்ற கட்டத்தில் போக வேண்டும். இதுவரை வேறு எந்தப் பெயரால் அறியப்பட்டீர்கள் என்று கேட்கும் இடம் அது. கல்யாணத்துக்கு முந்தைய பெயர், பட்டச் சான்றிதழில் உள்ள பெயர், பழைய பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எல்லாம் அங்கே. "நான் என்ன திருடியா, புனைபெயர் எழுத?" என்று ஒருவர் என்னிடம் கோபப்பட்டார். அது திருடர்களுக்கான கட்டம் அல்ல. பின்னாளில் உங்கள் பட்டத்தில் ஒரு பெயரும் ரேகையில் ஒரு பெயரும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட உதவும் கட்டம்.

சிடிசிக்கு இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். 41-எல்எஸ்ஸில் எழுதிய பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் மூன்றும் சிடிசி இணையக் கணக்கில் நீங்கள் கொடுத்ததோடு ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் ரேகை ஒரு பக்கமும் விண்ணப்பம் ஒரு பக்கமுமாகக் கிடக்கும். இரண்டையும் இணைக்க மின்னஞ்சல் எழுதிக்கொண்டே இருப்பீர்கள்.

## 5. தேதி, ஊர், உயரம், கண்

இந்த ஊரில் மாதம் முதலில், நாள் பிறகு. என் பிறந்த நாள் ஆகஸ்ட் 5. கை பழக்கத்தில் 05/08 என்று எழுதினேன். ஆபரேட்டர் அப்படியே தட்டச்சு செய்தார், நான் மே 8 அன்று பிறந்தவளாகிவிட்டேன். இரண்டும் செல்லுபடியாகும் தேதிகள் என்பதால் கணினியும் எதையும் கேட்கவில்லை. 12க்கு மேற்பட்ட நாளில் பிறந்தவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. மற்றவர்கள் இரண்டு முறை பாருங்கள்.

பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த தேதி ஒன்று, நிஜமாகப் பிறந்த தேதி ஒன்று என்று இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். பாஸ்போர்ட்டில் உள்ளதே உங்கள் தேதி. ஜாதகத்தை இங்கே கொண்டு வர வேண்டாம்.

பிறந்த இடம் என்று கேட்டால் மாநிலம் அல்லது நாடு. அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள் நாட்டின் பெயரை எழுதினால் போதும். இந்தியா அல்லது இலங்கை. மதுரையோ மன்னாரோ தேவையில்லை. உயரம் அடி, அங்குலத்தில். எடை பவுண்டில்.

கண்ணின் நிறம்? கருவிழி என்று சொல்லிப் பழகியதால் நம்மில் பலர் கறுப்பு என்று எழுதிவிடுகிறோம். டிரைவிங் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் பழுப்பு என்றுதான் இருக்கும். அதையே எழுதுங்கள்.

## 6. அடையாள அட்டை

கலிஃபோர்னியா டிரைவிங் லைசென்ஸ் அல்லது மாநில வாகனத் துறையான டிஎம்வி தரும் அடையாள அட்டை இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். படம் இருக்க வேண்டும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது. போனில் எடுத்த படம் செல்லாது.

இரண்டும் இல்லாதவர்கள் விசாவோடு கூடிய பாஸ்போர்ட், ஈஏடி அட்டை, கிரீன் கார்டு போன்றவற்றைக் காட்டலாம். அப்போது முகவரிக்கு ஆதாரமாக மின்கட்டண ரசீது மாதிரி இரண்டு காகிதங்கள் கூடுதலாகக் கேட்கலாம். எல்லாக் கடைக்காரருக்கும் இந்தப் பட்டியல் மனப்பாடமாக இருக்காது. போகுமுன் போன் செய்து "பாஸ்போர்ட்டை ஏற்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். எச்4 தோழிகள் லைசென்ஸ் புதுப்பிக்கக் காத்திருக்கும் மாதங்களில் இது அடிக்கடி வரும் தலைவலி.

## 7. பணம்

கட்டணம் மூன்று துண்டு. டிஓஜேக்கு 32 டாலர், எஃப்பிஐக்கு 17 டாலர், ஆக 49. இது எங்கே போனாலும் ஒன்றுதான். மூன்றாவது, ரேகை எடுத்துத் தரும் இடத்தின் கூலி. அதற்கு ரோலிங் கட்டணம் என்று பெயர். இதுதான் இடத்துக்கு இடம் மாறும். பார்சல் கடைகள், காவல் நிலையங்கள், ஷெரிஃப் அலுவலகங்கள், கவுன்டி கல்வி அலுவலகங்கள் என்று பல இடங்களில் எடுக்கிறார்கள். டிஓஜே தளத்தில் கவுன்டிவாரியாகப் பட்டியல் இருக்கிறது.

நான்கைந்து இடங்களுக்குப் போன் செய்து விலை கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சில டிஸ்ட்ரிக்ட் அலுவலகங்களே ரேகை எடுத்துக் கொடுக்கும். அப்படி இருந்தால் அங்கேயே போங்கள். ஓஆர்ஐ தப்பாக வாய்ப்பே இல்லை.

## 8. விரல்களைத் தயார் செய்வது

இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ரேகை தெளிவில்லை என்று திரும்பி வருவதற்கு முதல் காரணம் வறண்ட, தேய்ந்த விரல் நுனி. வீட்டில் கையால் பாத்திரம் தேய்ப்பவர்கள், ப்ளீச் பயன்படுத்துபவர்கள், வயதானவர்கள், தோட்டவேலை செய்பவர்கள் ஆகியோருக்கு ரேகையின் மேடுகள் தேய்ந்திருக்கும். மேடு பள்ளம் தெரியாவிட்டால் இயந்திரத்துக்கு அது வெறும் சாம்பல் நிறத் திட்டு.

போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து இரவில் தேங்காய் எண்ணெயோ க்ரீமோ தடவுங்கள். அந்த வாரம் பாத்திரம் தேய்க்கக் கையுறை போடுங்கள், அல்லது வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது தள்ளிவிடுங்கள். அன்று காலையில் மட்டும் எதுவும் தடவ வேண்டாம். பிசுபிசுப்பு இருந்தால் மேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கறுப்பாகப் படியும்.

கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு ஒரு வார்த்தை. விரல் நுனியில் தொப்பி மாதிரி வைத்த மருதாணி கறுத்துப்போய் இருந்தால் சில இயந்திரங்கள் தடுமாறும். அவசரம் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்துப் போங்கள். காய் நறுக்கும்போது வெட்டுப்பட்டுக் கட்டுப் போட்டிருந்தாலும் அப்படியே. ஆறட்டும்.

## 9. இயந்திரத்தின் முன்

படிவத்தை மூன்று நகல் எடுத்துப் போங்கள். ஒன்று ஆபரேட்டருக்கு, ஒன்று டிஸ்ட்ரிக்டுக்கு, ஒன்று உங்களுக்கு.

ஆபரேட்டர் முதலில் உங்கள் விவரங்களைக் கணினியில் ஏற்றுவார். ஏற்றி முடித்ததும் "ஒரு நிமிடம் திரையைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெயர், தேதி, ஓஆர்ஐ, டிஓஜே, எஃப்பிஐ இந்த ஐந்தையும் பாருங்கள். அனுப்பும் பொத்தானை அழுத்திய பிறகு திருத்த முடியாது. மறுபடி முதலிலிருந்து, மறுபடி காசு. என் மே 8 கதையில் நான் செய்யத் தவறியது இதைத்தான்.

பிறகு ஒவ்வொரு விரலாக உருட்டி எடுப்பார்கள். நகத்தின் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை. அதற்குப் பின் நான்கு விரல்களைச் சேர்த்துத் தட்டையாக, கட்டைவிரல் தனியாக. கையைத் தளர்த்தி அவரிடம் விட்டுவிடுங்கள். உதவுவதாக நினைத்து நாமே உருட்டினால் அல்லது அழுத்தினால் கலங்கிவிடும். திரையில் ரேகை கலங்கலாகத் தெரிந்தால் "இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்று கேளுங்கள். நல்ல ஆபரேட்டர் முகம் சுளிக்க மாட்டார்.

குடியேற்ற அலுவலகத்தில் ஏற்கெனவே ரேகை கொடுத்திருக்கிறேனே என்று அங்கே வாதாடாதீர்கள். அது வேறு கோப்பு. பள்ளிக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுக்க மாட்டார்கள்.

## 10. ஏடிஐ எண், பிறகு காத்திருப்பு

வெளியே வருமுன் உங்கள் நகலின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். அங்கே ஏடிஐ எண் எழுதியிருக்க வேண்டும். மொத்தம் பத்து இடம்: ஒரு எழுத்து, மூன்று எண், மூன்று எழுத்து, மூன்று எண். அது இல்லாமல் கிளம்பாதீர்கள். உங்கள் ரேகை உலகத்தில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க உங்களிடம் இருக்கும் ஒரே நூல் அதுதான். அங்கேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரக் கையெழுத்தில் ஐந்தும் எஸ்ஸும் ஒரே மாதிரி இருந்தால் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்.

அந்த எண்ணையும் பிறந்த தேதியையும் டிஓஜே தளத்தில் கொடுத்தால் நிலை தெரியும். பதிவு எதுவும் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும்.

முடிந்துவிட்டது, அமைப்புக்கு அனுப்பிவிட்டோம் என்று தளம் சொன்னால், அனுப்பிவிட்டார்கள் என்று மட்டும்தான் பொருள். என்ன அனுப்பினார்கள் என்பது டிஸ்ட்ரிக்டுக்குத்தான் தெரியும். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு போய் "எனக்குக் கிளியர் ஆகிவிட்டது, நாளை வரட்டுமா?" என்று கேட்ட ஒருவரை அலுவலகத்தில் அன்பாகத் திருப்பி அனுப்பினார்கள். டிஸ்ட்ரிக்ட் வாயால் சொல்லும் வரை பள்ளிக்குள் வேலை செய்ய முடியாது. சட்டம் அப்படி. அதனால் பழைய வேலையை விடுவதற்கு நாள் குறித்துவிடாதீர்கள்.

தாமதமானால் பொறுமை. பயந்துபோய் இன்னொரு தடவை ரேகை கொடுக்கப் போனால் அது புதிய விண்ணப்பமாகச் சேரும், புதிய காசும் ஆகும். முதல் விண்ணப்பம் ஒரு நாள்கூட வேகமாக நகராது.

## 11. ரேகை தெளிவில்லை என்று வந்தால்

இது குற்றம் அல்ல, நிராகரிப்பும் அல்ல. கடிதம் டிஸ்ட்ரிக்டுக்கு வரும். அதை வாங்கிக்கொண்டு மறுபடி போக வேண்டும்.

இங்கே முக்கியமான ஒன்று: படிவத்தில் மறுசமர்ப்பிப்பு என்று ஒரு இடம் இருக்கும், அங்கே பழைய ஏடிஐ எண்ணை எழுத வேண்டும். எழுதினால் மாநில, எஃப்பிஐ கட்டணம் மறுபடி கிடையாது. எழுதாவிட்டால் புது ஆளாக எண்ணி 49 டாலரும் மறுபடி வாங்கிவிடுவார்கள். முதலில் எடுத்த இடத்துக்கே போனால் கூலியையும் விட்டுக்கொடுக்கச் சிலர் சம்மதிப்பார்கள். ஆனால் அங்கே இயந்திரம் பழசு என்றால் வேறு இடம் போவதே மேல்.

இரண்டாவது முறையும் எஃப்பிஐ திருப்பினால், ரேகையை விட்டுவிட்டுப் பெயரை வைத்துத் தேடச் சொல்லி டிஸ்ட்ரிக்ட் கேட்கலாம். இரண்டாவது கடிதத்திலிருந்து 75 நாளுக்குள் கேட்க வேண்டும். கேட்க வேண்டியது அவர்கள்தான், ஆனால் நினைவுபடுத்த வேண்டியது நீங்கள். என் அம்மா வயதுள்ள ஒருவர், ஆயுள் முழுக்க அரைத்தும் கரைத்தும் தேய்ந்த விரல்களோடு, இந்த வழியில்தான் மதிய உணவு வேலைக்குச் சேர்ந்தார்.

## 12. பழைய வழக்கு ஏதும் இருந்தால்

வேகமாக ஓட்டியதற்கு டிக்கெட் வாங்கினேன், வேலை போய்விடுமா என்று கேட்பார்கள். சாதாரண டிராஃபிக் டிக்கெட்டுக்குக் கவலை வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டியது வேறு. அது குற்ற வழக்கு, தேடலில் வரும்.

சட்டம் கதவை மூடுவது கொடிய, வன்முறைக் குற்றங்களுக்கும், பாலியல் குற்றங்களுக்கும், சில போதைப்பொருள் குற்றங்களுக்கும். மற்றவை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுக்கப்படும். இதில் நான் கண்டது, பழைய சம்பவத்தைவிட அதை மறைத்ததுதான் பலரைக் கவிழ்க்கிறது. சிடிசி விண்ணப்பத்தில் உள்ள கேள்வி, நீதிமன்றம் பிற்பாடு தள்ளுபடி செய்த தீர்ப்பையும் சொல்லச் சொல்கிறது. "வக்கீல் அழித்துவிட்டார்" என்று நினைத்து இல்லை என்று குறித்துவிட்டு, ரேகையில் அது வந்து நின்றால் பதில் சொல்வது கஷ்டம். கேள்வியை வரிவரியாகப் படியுங்கள். வழக்கு முடிந்த விதத்தைக் காட்டும் நீதிமன்றச் சான்று நகலை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தன் பெயரில் என்ன இருக்கிறதென்று நிச்சயமில்லாதவர்களுக்குத்தான் அந்த 8016ஆர்ஆர். 25 டாலரும் ரேகைக் கூலியும் கொடுத்தால் உங்கள் மாநிலப் பதிவு உங்கள் வீட்டுக்கே வரும். தவறு இருந்தால் திருத்தக் கேட்கலாம்.

## 13. இன்னொரு டிஸ்ட்ரிக்டுக்குப் போனால்

பெரும்பாலும் மறுபடி ரேகை, மறுபடி காசு. சான் ஹோசேயைச் சுற்றி அடுத்தடுத்த தெருவில் வேறு வேறு டிஸ்ட்ரிக்ட். மூன்றில் சப்ஸ்டிட்யூட்டாகச் சேர்ந்தால் மூன்று முறை கொடுக்க வேண்டிவரலாம்.

காரணம் இருக்கிறது. ரேகையை ஒரு முறை பார்த்துவிட்டு மூடிவிடுவதில்லை. நாளை நீங்கள் கைதானால் டிஓஜே அந்த டிஸ்ட்ரிக்டுக்குத் தானாகவே தகவல் அனுப்பும். அந்த இணைப்பு ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டுக்கும் தனித்தனியாகப் போடப்படுவது. அதனால் ஒரே நேரத்தில் நான்கு இடத்துக்கு விண்ணப்பிக்காமல், அதிகம் அழைக்கும் ஒரு டிஸ்ட்ரிக்டில் தொடங்குங்கள். சிடிசிக்குக் கொடுத்த 41-எல்எஸ்ஸை மட்டும் டிஸ்ட்ரிக்ட் மாறியதற்காகத் திரும்பக் கொடுக்க வேண்டாம்.

## 14. கூடவே வரும் டிபி பரிசோதனை

ரேகையோடு சம்பந்தமில்லை, ஆனால் அதே வாரத்தில் கேட்பார்கள். வேலைக்குச் சேருமுன் 60 நாளுக்குள் காசநோய் ஆபத்துக் கேள்வித்தாள் நிரப்ப வேண்டும். அதில் காசநோய் அதிகமுள்ள நாட்டில் பிறந்தவரா, வசித்தவரா என்று ஒரு கேள்வி. நமக்கு ஆம் என்பதால் பரிசோதனை உறுதி.

சின்ன வயதில் பிசிஜி தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பரிசோதனை நோய் இல்லாமலே வீங்கிக் காட்டலாம். உடனே எக்ஸ்ரே, அலைச்சல். டாக்டரிடம் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். பிசிஜி அதைக் குழப்பாது.

## 15. சம்பளமில்லாமல் உதவுபவர்களும் ஒப்பந்தக்காரர்களும்

பிள்ளையின் வகுப்பில் மாதம் ஒரு மணி நேரம் கதை வாசிப்பவருக்குப் பல டிஸ்ட்ரிக்ட்கள் ரேகை கேட்பதில்லை. இரவு தங்கும் சுற்றுலாவுக்குத் துணை போகிறவர், ஆசிரியர் இல்லாமல் குழந்தைகளோடு தனியாக இருக்கப்போகிறவர் என்றால் கேட்கும் வாய்ப்பு அதிகம். வரையறை டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் மாறும். சுற்றுலாவுக்கு முந்தைய வாரம் விழித்துக்கொள்ளாமல் பள்ளி திறந்த மாதமே கேட்டு முடித்துவிடுங்கள்.

பள்ளி முடிந்த பிறகு செஸ்ஸோ பரதமோ சொல்லிக்கொடுக்க ஒப்பந்தத்தில் வருபவர்கள், பள்ளி ஊழியரோ பெற்றோரோ உடன் இல்லாமல் குழந்தைகளோடு இருப்பார்களானால், அவர்களுக்கும் ரேகைச் சோதனை முடிந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒப்பந்தம் எடுத்த நிறுவனம். தனி ஆளாக வகுப்பு நடத்துபவர்கள் தங்கள் ரேகையைத் தாங்களே தீர்மானித்துக்கொள்ள முடியாது, டிஸ்ட்ரிக்டிடம் கேட்க வேண்டும்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் கற்பிப்பவர்களுக்கும் இப்போது ரேகைப் படிவம் வந்து சேர்கிறது. 2022 ஜனவரி 1 முதல், குழந்தைகளுக்கான அமைப்புகளில் நிர்வாகிகளும் ஊழியர்களும் வழக்கமான தன்னார்வலர்களும் ரேகைச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று ஏபி 506 என்ற சட்டம் சொல்கிறது. வழக்கமான தன்னார்வலர் என்றால் 18 வயது நிறைந்து, மாதத்தில் 16 மணி நேரத்துக்கு மேலோ ஆண்டில் 32 மணி நேரத்துக்கு மேலோ குழந்தைகளோடு நேரடியாக இருப்பவர். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் அகரம் சொல்லித் தருகிறவர் தீபாவளி விடுமுறையெல்லாம் கழித்தாலும் 32ஐத் தாண்டிவிடுவார். டிஸ்ட்ரிக்டுக்குக் கொடுத்த ரேகை இதற்கு உதவாது. தமிழ்ப் பள்ளியின் ஓஆர்ஐ எண் உள்ள படிவத்தை வாங்கி, ஏகேஏ கட்டத்தில் பழைய பெயர்களை எல்லாம் எழுதி, மூன்று நகலோடு கிளம்புங்கள்.